ஒரு நாளில் எத்தனை முறை பார்க்கிறேன் என்று எண்ணத் தொடங்கியபோது

வீடு மாறும்போது பழைய புத்தகப் பெட்டியிலிருந்து ஒரு நோட்டு கிடைத்தது. பதினேழு வயதிலிருந்து இருபத்திரண்டு வயதுவரை, தினமும் காலையில் எழுந்ததும் எடை பார்த்து அதில் எழுதியிருக்கிறேன். தேதி, எண், தேதி, எண். வேறு எதுவும் இல்லை. பரீட்சை முடிவு வந்த நாள், முதல் வேலையில் சேர்ந்த நாள், தாத்தா இறந்த நாள் எல்லாம் அதில் இருக்கின்றன, ஆனால் எல்லாவற்றுக்கும் எதிரே இருப்பது எடை மட்டும்தான். தாத்தா இறந்த அன்றைக்கும், வீடு முழுக்க ஆள் நிறைந்திருந்தபோது, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மெஷினில் ஏறி நின்றிருக்கிறேன். முந்தைய நாளைவிட 400 கிராம் குறைவு. பக்கத்தில் ஒரு சின்ன டிக் போட்டிருக்கிறேன்.

அந்த டிக்கைப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நோட்டில் இருக்கும் எண்கள் என்னென்ன என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் இதைப் படிக்கும் யாராவது ஒரு பெண் உடனே தன் எண்ணை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். அந்த வயதில் நானாக இருந்தால் நிச்சயம் பார்த்திருப்பேன். உடம்பைப் பற்றித் தங்கள் கதையைச் சொல்பவர்கள் எண்ணையும், பழைய படம் புதிய படத்தையும் சேர்த்துப் போடுவதை நிறுத்தினாலே பாதி நல்லது நடக்கும் என்று நினைக்கிறேன்.

எனக்கு இது எங்கே தொடங்கியது என்று தெளிவாக நினைவிருக்கிறது. பள்ளியில் மருத்துவப் பரிசோதனை நடந்த நாள். வரிசையில் நிற்கவைத்து, ஒவ்வொருவராக ஏற்றி, ஒருவர் எண்ணை உரக்கச் சொல்ல இன்னொருவர் எழுதினார். என் எண்ணைச் சொன்னபோது பின்னால் யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்களா என்று இன்றுவரை தெரியாது. அதே மாதம் ஒரு விசேஷ வீட்டில் சித்தி என் கன்னத்தைப் பிடித்து, "நல்லா பூசினாப்ல ஆயிட்டியே கண்ணு, பார்த்துக்கோ" என்றார். அன்பாகத்தான் சொன்னார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் "பார்த்துக்கோ" என்ற அந்த ஒரு சொல்லை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன், ஐந்து வருடம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பருவம் எய்தும் வயதில் பெண் உடம்பில் கொழுப்பின் பங்கு கூடுவதும், இடுப்பு விரிவதும், தொடை கனப்பதும் வளர்ச்சியின் பகுதி என்று அன்று யாரும் சொல்லவில்லை. உயரம் வேகமாகக் கூடும் முன்பு சில பெண்கள் கொஞ்சம் சதை போடுவார்கள், தொடையிலும் மார்பிலும் தோல் விரிந்து கோடுகள் விழும். இதெல்லாம் உடம்பு தன் வேலையைச் செய்கிறது என்பதற்கான அடையாளம். எனக்கோ நான் ஏதோ தப்புச் செய்து உடம்பைக் கெடுத்துக்கொண்டதாகவே தோன்றியது.

அடுத்து மூக்கு. கையில் ஃபோன் வந்த பிறகுதான் என் மூக்கு அகலமானது. சொல்லும்போது விசித்திரமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. கண்ணாடியில் தெரிந்த முகத்தைவிட செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிந்தது, சரி, கண்ணாடி பொய் சொல்கிறது, கேமராதான் உண்மை என்று முடிவு கட்டினேன். மூக்கைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சை பற்றி இரவெல்லாம் வீடியோ பார்த்திருக்கிறேன். 2018-இல் அமெரிக்க மருத்துவர்களும் கணினி ஆய்வாளர்களும் சேர்ந்து இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து எடுக்கும் செல்ஃபியில், ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுத்த படத்தைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும். கேமராவுக்கு மிக அருகில் இருப்பது பெரிதாகவும், பின்னால் இருக்கும் காது, தாடை எல்லாம் சிறிதாகவும் விழும், அவ்வளவுதான். எந்த ஃபில்டரும் போடாத "உண்மையான" படம் என்று நான் நம்பியதே கோணலாகத்தான் இருந்திருக்கிறது. உங்கள் முகத்தை நிஜமாகவே பார்க்கவேண்டும் என்றால் ஃபோனை வேறொருவர் கையில் கொடுத்து, நான்கைந்து அடி தள்ளி நிற்கச் சொல்லி எடுத்துப் பாருங்கள். ஒருமுறை பாருங்கள், போதும்.

அப்புறம் டயட். முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்கியது, நான் வெற்றி பெற்றுவிட்டதாகவே நினைத்தேன். உடம்பு சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்துவைக்கிறது, ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் முதலில் கரைவது அந்தச் சேமிப்பும் தண்ணீரும்தான். பீரியட்ஸுக்கு முந்தைய நாட்களில் உடம்பில் நீர் தேங்கி எடை கூடிக் காட்டுவதும் இப்படித்தான். இது தெரியாமல், மெஷினில் எண் ஏறிய நாட்களில் எனக்கு நானே தண்டனை கொடுத்துக்கொண்டேன். என்ன தண்டனை என்பதையும் எழுதப்போவதில்லை.

சில மாதங்களில் எந்நேரமும் குளிர ஆரம்பித்தது. வெயில் காலத்திலும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சின்ன விஷயத்துக்கெல்லாம் அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். படிக்க உட்கார்ந்தால் ஒரே பத்தியை நான்கு முறை படிப்பேன், மண்டையில் ஏறாது. இரவில் சமையல் வீடியோக்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பேன், சமைக்கவும் மாட்டேன், சாப்பிடவும் மாட்டேன், பார்க்க மட்டும் செய்வேன். டயட் தொடங்கி மூன்று மாதம் ஆனதும் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. திடீரென்று சாப்பாடு குறைந்தால் முடி உடனே கொட்டாது, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொட்டும் என்பதால், இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை. எண்ணெயையும் ஷாம்பூவையும் மாற்றிக்கொண்டிருந்தேன்.

பல வருடம் கழித்து மினசோட்டா பட்டினி ஆய்வைப் பற்றிப் படித்தபோது கை நடுங்கியது. 1944, 45-இல் அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், தாங்களாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் வழக்கமான உணவில் ஏறக்குறைய பாதியை மட்டும் கொடுத்துப் பார்த்தார். போரால் பட்டினி கிடந்தவர்களை எப்படித் தேற்றுவது என்று அறிவதற்காக நடந்த ஆய்வு அது. எல்லாரும் ஆண்கள், அழகைப் பற்றிய கவலை எதுவும் இல்லாதவர்கள். அவர்களுக்கும் எந்நேரமும் குளிர்ந்தது. எரிச்சல் வந்தது, மனச்சோர்வு வந்தது. உணவைத் தவிர வேறு நினைப்பில்லாமல் போய், சிலர் சமையல் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு படித்தார்கள். நான் இரவில் வீடியோ பார்த்ததும் அவர்கள் சமையல் புத்தகம் படித்ததும் ஒன்றுதான். எனக்கு மன உறுதி போதவில்லை என்று ஐந்து வருடம் என்னைத் திட்டிக்கொண்டிருந்தேன், பட்டினி கிடக்கும் எந்த மனித உடம்பும் அப்படித்தான் செய்யும் என்று எனக்குத் தெரியாது.

எடையையும் உயரத்தையும் வைத்துப் போடும் பிஎம்ஐ என்ற கணக்குக்கு 1972-இல் அந்தப் பெயரைச் சூட்டியவரும் அதே அன்செல் கீஸ்தான். கணக்கு இன்னும் பழையது, 1830களில் அடால்ஃப் கெட்லே என்ற பெல்ஜியக் கணித அறிஞர் சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று தேடியபோது உருவாக்கியது. ஒரு பெரிய கூட்டத்தின் நிலையை அறிய அது உதவும். ஒருத்தியின் உடம்பில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அவள் நன்றாகத் தூங்குகிறாளா, பீரியட்ஸ் ஒழுங்காக வருகிறதா என்று அதற்குத் தெரியாது. என் பிஎம்ஐ "சரியான" கட்டத்துக்குள் இருந்த காலத்தில்தான் எனக்கு நான்கு மாதம் பீரியட்ஸ் வரவில்லை. அப்போது பார்த்த மருத்துவர் என் எடையைப் பார்த்துவிட்டு, நன்றாகக் குறைத்திருக்கிறாய், அப்படியே தொடர்ந்து செய் என்றார். அவரைக் குறை சொல்லி இனி ஆகப்போவது ஒன்றுமில்லை, ஆனால் அந்தப் பாராட்டில் எனக்கு இன்னொரு வருடம் போனது. சாப்பாடு குறைந்து பீரியட்ஸ் நின்றால், உடம்பு இனி செலவு செய்ய என்னிடம் ஒன்றுமில்லை என்று சொல்கிறது. அது நீடித்தால் எலும்பு பலவீனமாகும். மூன்று மாதம் வராவிட்டால், எடை என்னவாக இருந்தாலும், மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஒருவர் கேட்காவிட்டால் இன்னொருவரிடம் போங்கள்.

நான் இரண்டாவதாகப் போனது ஒரு மூத்த டாக்டரம்மாவிடம். அவர் எடை பார்க்கவே சொல்லவில்லை. "ஒரு நாள்ல எவ்வளவு நேரம் இதையே யோசிக்கிறம்மா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. யோசிக்காத நேரம் எது என்று தேடிப் பார்த்தேன், தூக்கத்தைத் தவிர எதுவும் அகப்படவில்லை. அங்கேயே அழுதுவிட்டேன். அவர்தான் ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்.

நான் எதிர்பார்த்துப் போனது ஒன்று, நடந்தது வேறு. கண்ணாடி முன்னால் நின்று "நான் அழகு" என்று தினமும் பத்து முறை சொல்லச் சொல்வார்கள் என்று நினைத்தேன். அதை நானே முன்பு செய்து பார்த்திருக்கிறேன். சொல்லச் சொல்ல, மனதுக்குள் ஒரு குரல் ஒவ்வொன்றையும் மறுத்துக்கொண்டே வரும், முடிவில் முன்பைவிட மோசமாகத்தான் இருக்கும். ஆலோசகர் அதைத் தொடவே இல்லை. ஒரு நாளில் எத்தனை முறை உன் உடம்பைச் சோதித்துப் பார்க்கிறாய், எண்ணிக்கொண்டு வா என்றார். கண்ணாடி, ஃபோன் கேமரா, கார் ஜன்னல், லிஃப்ட்டின் பளபளப்பான கதவு, உட்காரும்போது வயிற்றைப் பிடித்துப் பார்ப்பது, பக்கத்தில் நடப்பவளின் இடுப்போடு ஒப்பிடுவது, எல்லாம் கணக்கு. முதல் நாள் மாலைக்குள் 63 வந்தது. அதோடு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

என் அனுபவத்தில் முக்கியமானது என்று நான் நினைப்பது இதுதான்: என்னைப் பிடித்திருந்த நோய் பார்ப்பதில் இருந்தது. பார்க்கப் பார்க்கக் குறை தெரியும், குறை தெரியத் தெரிய இன்னும் பார்க்கத் தோன்றும். என்ன தெரிகிறது என்பதைச் சரிசெய்ய நான் பட்ட பாடெல்லாம் அந்தச் சக்கரத்தை இன்னும் வேகமாகத்தான் சுற்றியது. எத்தனை முறை பார்க்கிறேன் என்பதைக் குறைத்தபோதுதான் அது மெல்ல நின்றது.

1998-இல் வெளியான ஓர் ஆய்வு இதை இன்னொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. கல்லூரிப் பெண்களில் சிலருக்கு நீச்சல் உடை, சிலருக்கு ஸ்வெட்டர் கொடுத்து, கண்ணாடி இருக்கும் அறையில் தனியாக அணிந்து பார்க்கச் சொன்னார்கள், அதை அணிந்தபடியே கணக்குத் தேர்வும் எழுதவைத்தார்கள். நீச்சல் உடை அணிந்த பெண்கள் குறைவாகத்தான் மதிப்பெண் எடுத்தார்கள். ஆண்களிடம் அந்த வித்தியாசம் வரவில்லை. அந்த அறையில் யாருமே அவர்களைப் பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வெளியே நின்று தன்னைத் தானே பார்க்கும் ஒரு கண் உள்ளே வந்துவிட்டால், கணக்குப் போட வேண்டிய மூளையில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. ஒரே பத்தியை நான்கு முறை படித்தேனே, அதற்குப் பட்டினியோடு இதுவும் காரணமாக இருந்திருக்கும்.

குறைப்பது எப்படி என்றால், கண்ணாடியை ஒரேயடியாக மூடிவைக்காதே, அதுவும் இன்னொரு பயமாக மாறிவிடும் என்றார் ஆலோசகர். பல் தேய்க்க, தலை வார, வெளியே கிளம்பும் முன் ஒருமுறை என்று வேலைக்காக மட்டும் பார்க்கவேண்டும். பார்க்கும்போது இரண்டடியாவது தள்ளி நின்று முழு உருவத்தையும் பார்க்கவேண்டும், மூக்கையோ வயிற்றையோ தனியாகக் குறிவைக்கக் கூடாது. எடை மெஷினை நானே வெளியேற்ற முடியவில்லை, அப்பாதான் அதை எடுத்துக்கொண்டு போய் யாருக்கோ கொடுத்தார், எங்கே என்று இன்றுவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "இளைத்ததும் போடலாம்" என்று எடுத்துவைத்திருந்த உடைகளையும் கொடுத்துவிட்டேன். தினமும் அலமாரியைத் திறக்கும்போது அவை என்னை அளந்துகொண்டிருந்தன. இன்றைக்குப் பொருந்தும் உடையை வாங்குங்கள், சைஸ் எண் உறுத்தினால் அந்தத் துண்டைக் கத்தரித்துவிடுங்கள், எப்படியும் ஒரு கம்பெனியின் சைஸ் இன்னொரு கம்பெனியில் வேறாக இருக்கும்.

சாப்பாட்டுக்கு ஒரே விதி. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, பசித்தாலும் பசிக்காவிட்டாலும், நேற்று என்ன நடந்திருந்தாலும், சாப்பிடவேண்டும். முதல் சில வாரங்கள் கொடுமையாக இருந்தது, வயிறு உப்பியது, ஒவ்வொரு வேளையும் பயந்தேன். ஏறக்குறைய மூன்றாவது மாதத்தில் ஒரு மதியம் சாப்பிட்டு முடித்துவிட்டு, சாப்பிட்டதையே மறந்து வேறு வேலையில் இறங்கியிருந்தேன். அதைக் கவனித்தபோது வந்த நிம்மதியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஃபோன் விஷயம் இதைவிடக் கடினமாக இருந்தது. திருத்திய படம் என்று தெரிந்தால் மனம் ஏமாறாது என்று பலர் நினைக்கிறார்கள். பிரான்ஸில் 2017 முதல் விளம்பரங்களில் மாடல்களின் உடல்வாகைத் திருத்தியிருந்தால் அதைக் குறிப்பிட்டாகவேண்டும், நார்வேயிலும் 2022 முதல் விளம்பரப் பதிவுகளுக்கு அப்படி ஒரு சட்டம் உண்டு. நல்ல சட்டங்கள்தான். ஆனால் அந்தக் குறிப்பு பார்ப்பவரின் மனதைப் பெரிதாகக் காப்பாற்றுவதில்லை என்றே ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. எனக்கும் அப்படித்தான். அந்த இடுப்பு திருத்தப்பட்டது என்று தெரியும், தெரிந்துகொண்டே அதைப் போல ஆசைப்பட்டேன். 2021-இல் வெளிவந்த ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்களில், பதின்ம வயதுப் பெண்களில் மூவரில் ஒருவருக்கு உடல் பற்றிய கவலையை நாம் மோசமாக்குகிறோம் என்று இன்ஸ்டாகிராமைப் பற்றி அவர்களே எழுதிவைத்திருந்தார்கள். எனவே அறிவால் ஜெயிக்கப் பார்க்காமல், பார்ப்பதையே குறைக்கவேண்டியிருந்தது. எரிச்சலோடு பார்த்தாலும் அந்தப் பதிவில் நாம் நின்ற நேரத்தை ஃபோன் எண்ணிக்கொள்கிறது, அதே மாதிரி இன்னும் பத்து கொண்டுவந்து நிறுத்துகிறது. "ஆர்வமில்லை" என்பதை அழுத்தி அழுத்தி, உடம்பைக் காட்டும் கணக்குகளை எல்லாம் விட்டேன், "உங்கள் உடலை நேசியுங்கள்" என்று சொல்லும் கணக்குகளையும் சேர்த்துத்தான். அவையும் திரும்பத் திரும்ப உடம்பையே பார்க்கவைத்தன.

இது நம் மனதின் பலவீனம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஃபிஜி தீவில் நல்ல சதைப்பற்றுள்ள உடம்பையே மெச்சி வந்த ஒரு பகுதிக்கு 1995-இல்தான் தொலைக்காட்சி வந்தது. அப்போது பள்ளிப் பெண்களில் எடை குறைக்கவேண்டும் என்று வாந்தியெடுத்தவர் ஒருவர்கூட இல்லை. மூன்றே வருடத்தில், 1998-இல், 100-க்கு 11 பேர் அப்படிச் செய்ததாக ஆய்வில் சொன்னார்கள். அந்தப் பெண்கள் எல்லாரும் மூன்று வருடத்தில் திடீரென்று பலவீனமானவர்களாகவா ஆகியிருப்பார்கள்?

நிறத்துக்காகத் தோழி ஒருத்தி தடவிய கிரீமைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சில வாரங்களில் முகம் வெளுத்தது, நிறுத்தியதும் சிவந்து எரிந்தது, முகமெங்கும் பரு. அதில் ஸ்டீராய்டு இருந்திருக்கிறது. சில வெளுப்பு கிரீம்களில் பாதரசமும் இருக்கும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். என்ன சேர்ந்திருக்கிறது என்று அச்சிடாத எதையும் முகத்தில் தடவாதீர்கள், ஏற்கெனவே தடவிக்கொண்டிருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டி அவர் சொல்படி விடுங்கள்.

வீட்டாரிடம் பேசுவது எனக்கு எல்லாவற்றையும்விடச் சிரமமாக இருந்தது. சண்டை போட்டுப் பார்த்தேன், பலிக்கவில்லை. பிறகு சித்தியைத் தனியாக உட்காரவைத்து, "சித்தி, நீங்க ஆசையாதான் சொல்றீங்க, எனக்குத் தெரியும். ஆனா குண்டாயிட்டேன்னாலும் சரி, இளைச்சுட்டேன்னாலும் சரி, நீங்க சொன்னா அன்னைக்கு என்னால சாப்பிட முடியறதில்ல" என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. அதன் பிறகு ஒருமுறைகூட சொல்லவில்லை. பாராட்டும் கூடாது என்பதைத்தான் பலருக்குப் புரியவைக்க முடியவில்லை. நான் மிகவும் மோசமாக இருந்த மாதங்களில்தான் "எப்படி இவ்வளவு அழகா இளைச்சே?" என்று எல்லாரும் கேட்டார்கள்.

இப்போது அந்தச் சித்தியின் மகளுக்குப் பதினைந்து வயது. போன மாதம், "அக்கா, நான் குண்டா?" என்றாள். "சேச்சே, இல்லடா" என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அப்படிச் சொன்னால் குண்டாக இருப்பது பயப்படவேண்டிய விஷயம்தான் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும், நாளைக்கு மறுபடி கேட்பாள். "யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினாள். வகுப்பில் ஒரு பையன் வைத்த பட்டப்பெயர், அதனால் விளையாட்டு வகுப்புக்குப் போகாமல் ஒளிந்துகொண்டது, எல்லாம் வந்தது. நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. உங்கள் வீட்டுப் பெண் சாப்பாட்டு வேளையில் எழுந்து போகிறாள், சாப்பிட்டவுடன் குளியலறைக்குள் போய்விடுகிறாள், தளர்ந்த உடைக்குள் ஒளிகிறாள், தோழிகளைத் தவிர்க்கிறாள் என்றால், அவள் ஒல்லியாக இல்லை என்பதை வைத்துக் கவலையில்லை என்று முடிவு செய்யாதீர்கள். என்னையும் யாரும் ஒல்லி என்று சொன்னதில்லை.

நோட்டு கிடைத்த அன்று மாலை அம்மா தன் அறையில் கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று, வயிற்றை உள்ளிழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சட்டென்று கையை எடுத்துவிட்டு எதையோ மடிக்க ஆரம்பித்தார். அவருக்கு வயது 58. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார், பத்தொன்பது வயதில் அவரை ஒருவர் எல்லார் முன்னிலையிலும் என்ன சொன்னார் என்று. யார் சொன்னது, எந்த இடத்தில், அன்று தான் என்ன நிற உடை அணிந்திருந்தார் என்பதுவரை நினைவு வைத்திருந்தார். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லையாம்.